அறையில் வைஃபை உண்டு

போனை உள்ளே வைக்க வேண்டாம் சார், நீங்கள் பாட்டுக்குப் பாருங்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. உங்களுக்கு நெட் நன்றாக வருகிறதா என்றுதான் கேட்டேன். என்னுடையது ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிற பிளான். காலையில் நாலைந்து வீடியோவைக் குழுவில் ஏற்றிவிட்டேன், இப்போது அடியில் கொஞ்சம்தான் மிச்சம். நாகர்கோவில் போய்ச் சேருகிறவரை தாக்குப்பிடித்தால் சரி.

நீங்களும் வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தானா? நல்லதாகப் போயிற்று. அப்படியானால் ஒரு உபகாரம். வள்ளியூரில் வண்டி நிற்கும்போது நான் ஒரு நிமிடம் இறங்கி ஏறுவேன். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டக்டரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். வயதானவன் இறங்கி ஏறுவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

என் பெயர் தேவாசீர். பாளையங்கோட்டை. கூட்டுறவுப் பண்டகசாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் செக்ரட்டரி தேவாசீர் என்றுதான் சொல்வார்கள். எங்கள் சபைக்கு நான்தான் செக்ரட்டரி. தெருவுக்கும் நான்தான். இப்போது மனைவியை அழைத்துவரப் போகிறேன். அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவள் என்னோடு வீட்டுக்கு வரவில்லை, நேரே அங்கே போய்விட்டாள். மழைக்கு முன்னால் போனவள். மழையும் வந்து நின்று, சர்ச்சில் ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகையும் முடிந்துவிட்டது. அவள் மட்டும் வரவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்கமாட்டீர்கள், உங்களைப் பார்த்தால் கேட்கிற ஆளாகத் தெரியவில்லை. நானே சொல்கிறேன். சொன்னால் நீங்களே நியாயம் சொல்வீர்கள்.

என் மனைவி ஹெப்சிபாய்க்கு மார்பில் கட்டி. பாளையங்கோட்டையில் பார்த்துவிட்டு, மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி. தனி அறை போட்டேன். ஏசி, டிவி, கூட இருப்பவர் படுக்க ஒரு நீளமான பெஞ்சு, எல்லாம் உண்டு. ஒன்றே ஒன்றுதான் குறை. அந்தக் கட்டடத்துக்குள் எந்த சிம்முக்கும் சிக்னல் கிடையாது. எக்ஸ்ரே பிரிவின் மேலே கட்டியிருக்கிறார்கள், சுவரெல்லாம் கோட்டைச் சுவர். கீழே வாசலுக்கு வந்தால்தான் போன் பேசலாம். அறைக்குள் ஆஸ்பத்திரி வைஃபைதான் கதி. அதிலும் ஒரு நோயாளிக்கு ஒரு இணைப்பு. இரண்டாவது போனில் போட்டால் முதல் போன் அறுந்துவிடும். பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? நோயாளியின் எண். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பார்களே, அதில் அச்சடித்திருக்கும்.

நீளமான எண் சார், மனதில் நிற்காது. தினமும் காலையில் வைஃபை தானாகவே அறுந்துபோகும், மறுபடி போட வேண்டும். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அடிப்பேன். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி உண்டு. "அங்கிள் எப்பவும் ஆன்ட்டி கையைப் பிடிச்சிட்டே இருக்காங்க"ன்னு மற்ற நர்ஸ்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஹெப்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கூச்ச சுபாவம்.

நெட் எதற்கு என்றால், ஜெபக் குழுவுக்கு. நீங்கள் எங்கள் ஆட்களா என்று எனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் சபையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வாட்ஸப்பில் ஒரு ஜெப விண்ணப்பம் போடுவோம். இன்னாருக்கு இன்ன பிரச்சினை, ஜெபிக்கவும் என்று. எல்லாரும் அவரவர் வீட்டில் ஜெபித்துவிட்டு ஆமென் போடுவார்கள், கை கூப்பிய படம் போடுவார்கள். அந்தக் குழுவை ஆரம்பித்தவன் நான். அட்மின் நான் ஒருவன்தான். துபாய், பம்பாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருக்கிற எங்கள் ஊர் ஆட்கள் எல்லாம் அதில் உண்டு.

மற்றவர்கள் எப்படிப் போடுவார்கள்? "தம்பிக்கு சுகமில்லை, ஜெபிக்கவும்." அவ்வளவுதான். என்ன சுகமில்லை? சளியா, கால் முறிந்ததா? குறிப்பாகச் சொன்னால்தானே குறிப்பாக ஜெபிக்க முடியும்? இதை நான் கூட்டத்திலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் சொந்த மனைவி விஷயத்தில் நானே ஒரு முன்மாதிரி காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

ஆப்பரேஷன் முடிந்த அன்றைக்கு நான் போட்டது இன்னும் போனில் இருக்கிறது, படிக்கிறேன் கேளுங்கள். "அன்பான ஜெபப் பங்காளர்களே, சகோதரி ஹெப்சிபாய்க்கு இன்று காலை இடது மார்பகம் முழுவதுமாக அகற்றப்பட்டது. கட்டுப் போட்ட இடத்திலிருந்து இரண்டு குழாய்கள் வழியாக நீர் வடிந்துகொண்டிருக்கிறது. குழாய்கள் அடைபடாதபடிக்கும், வலது பக்கத்துக்குப் பரவாதபடிக்கும் ஊக்கமாக ஜெபிக்கவும்." தெளிவாக இருக்கிறதா இல்லையா? ஆமென் வந்து குவிந்தது சார். சபை போதகரே, நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், அவரே எனக்குத் தனியாக எழுதினார், "செக்ரட்டரி, உங்கள் எழுத்து கண் முன்னால் நிறுத்துகிறது" என்று.

அவள் ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் ஒன்று சொல்லத்தான் செய்தாள். மறைக்க மாட்டேன். "அத்தான், ஆப்பரேஷன்னு மட்டும் போடுங்க. எங்கன்னு எழுதாதிய"ன்னாள். "ஏன்? கடவுளுக்குத் தெரியாததா?"ன்னேன். "கடவுளுக்குத் தெரியும். பாடகர் குழுல உள்ள பயலுவளுக்குத் தெரியாண்டாம்"ன்னாள். அவள் முப்பது வருஷமாகப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவள். ஞாயிறு பள்ளியில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். அவர்கள் எல்லாம் அவளுக்குப் பிள்ளை மாதிரி. பிள்ளைகளிடம் என்ன வெட்கம்? நோயில் வெட்கம் பார்த்தால் அது பெருமை. இதையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

குழாயில் எவ்வளவு வடிகிறது, என்ன நிறம், முதல் தடவை எழுந்து பாத்ரூம் போனது, அங்கே விழப்போனது, எல்லாம் அன்றன்றைக்கு எழுதினேன். ஒரு நாள் கொஞ்சம் தாமதமானால் சிங்கப்பூரிலிருந்து கேட்பார்கள், "செக்ரட்டரி அண்ணாச்சி, இன்றைய குறிப்பு எங்கே?" என்று. ஒரு நாள் படமும் போட்டேன். முகம் மட்டும்தான். முகமும், கழுத்தும், கொஞ்சம் கட்டும். படம் இருந்தால் ஜனங்களுக்கு ஜெபிக்க மனதில் பாரம் வரும்.

பிறகு சபையில் ஒரு வேன் பிடித்துப் பார்க்க வந்துவிட்டார்கள். மதுரை வரை! யாருக்கு வருவார்கள்? நான் எழுதிய எழுத்துக்கு வந்தார்கள் சார். அறையில் நிற்க இடமில்லை. எங்களுக்குப் பால் ஊற்றுகிற கனியம்மாள் நல்ல மனுஷி, கட்டில் பக்கத்தில் வந்து, "எடது பக்கம்தான டீச்சர்? குழா ரெண்டும் எடுத்தாச்சா?"ன்னு கேட்டாள். எவ்வளவு ஞாபகம் பாருங்கள். பாடகர் குழுவில் டெனர் பாடுகிற ஒரு பையன், இப்போது பாங்கில் அதிகாரி, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு ஆரஞ்சுப் பையை மட்டும் உள்ளே நீட்டினான். வந்த இடத்தில் அப்படி ஒரு மரியாதை.

எல்லாரும் போன பிறகு ஹெப்சி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சொன்னாள். "வந்தவங்கள்ல ஒருத்தர்கூட மொதல்ல என் மொகத்தப் பாக்கல அத்தான்."

"பிரியத்துல வந்திருக்காங்க. நீ என்ன இப்படிப் பேசுத?"ன்னேன்.

"பிரியம்தான்"ன்னாள். "எங்க பாக்கணும்னு நீங்க சொல்லிக் குடுத்துட்டிய."

வலியில் அப்படித்தான் பேச்சு வரும். அன்றைக்கு அதையும் எழுதினேன், "சகோதரி மனச்சோர்வில் இருக்கிறார், இதற்காகவும் ஜெபிக்கவும்" என்று.

இடையில் தினமும் ஒரு தொல்லை. அவளுக்கு நெட் வேண்டுமாம். "ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க அத்தான், அக்காவப் பாத்துப் பேசணும். அஞ்சே நிமிஷம்." அவள் போனில் போட்டால் என்னுடையது அறுந்துவிடும். அறுந்தால் என்ன ஆகும்? பாதி எழுதியது போய்விடும். அதைவிட, அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்காளும் தங்கையும் பேச ஆரம்பித்தால் அஞ்சு நிமிஷத்திலா நிற்கும்? "ரெஸ்ட் எடு"ன்னு சொல்லி அவள் போனை என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். இதே பைதான், உங்கள் காலடியில் இருக்கிறதே, இதுதான். அவள் நன்மைக்குத்தான். அவள் அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். குழந்தை மாதிரி.

நாங்குநேரி தாண்டிவிட்டதா? சரி.

அடுத்து வருவதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் மயினி, அதாவது ஹெப்சியின் அக்கா கிறிஸ்டபெல், இதைத்தான் ஊர் முழுக்கத் திரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து ஹெப்சிக்குக் கடுமையான காய்ச்சல். ஐசியுவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் வெளியே வந்து, "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் எதையும் சொல்ல முடியாது"ன்னார். நான் கலங்கினேன். கலங்காமல் என்ன. ஆனால் நான் செக்ரட்டரி. எங்கள் சபையில் ஒரு சாவு என்றால் மூலைக்கு மூலை பிளக்ஸ் வைக்க வேண்டும், அதற்கு எத்தனை குளறுபடி நடக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு பெரியவர் இறந்தபோது, அவசரத்தில் அவர் தம்பி படத்தைப் போட்டு அடித்துவிட்டார்கள். தம்பி உயிரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்! என் மனைவிக்கு அந்தக் கோலம் வரக்கூடாது. அசனத்துக்கு அரிசியை முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லையா? அது மாதிரிதான்.

நல்ல படம் அவள் போனில்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் எடுத்தது, நீலச் சேலை. பையைத் திறந்து அவள் போனை எடுத்துக்கொண்டு கீழே வாசலுக்குப் போனேன். அங்கே சிக்னல் உண்டு. எங்கள் ஊர் பிளக்ஸ் கடை செல்வினுக்குப் படத்தையும் வாசகத்தையும் அதிலிருந்தே அனுப்பினேன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், பெயர், வயது, இன்னாரின் மனைவி. நாளுக்கு மட்டும் கோடு. அடக்க ஆராதனை நேரம் நாலு மணி என்று போட்டுவிட்டேன். நாலு மணிதான் எல்லாருக்கும் வசதி. ஐயருக்கு மத்தியானத் தூக்கமும் கெடாது, வெளியூர்க்காரர்கள் பஸ் பிடிக்கவும் சரியாக இருக்கும். "செல்வின், வடிவமைத்து மட்டும் வை, அடிக்காதே"ன்னு தெளிவாக எழுதினேன். பிறகு போனைப் பையில் வைத்து ஜிப்பைப் போட்டுவிட்டு ஐசியு வாசலில் உட்கார்ந்து ஜெபித்தேன். இரண்டையும்தான் செய்தேன். மயினி ஒன்றை மட்டும்தான் சொல்கிறாள்.

கர்த்தர் கிருபை, காய்ச்சல் இறங்கியது. இரண்டாம் நாளே அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த பிளக்ஸ் விஷயம் எனக்கு அதோடு மறந்தே போய்விட்டது சார். மறந்தது தப்பா? பிழைத்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில் மறந்தேன்.

வள்ளியூர் வந்துவிட்டது. கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். இதோ வந்துவிடுகிறேன்.

ம். வந்தாயிற்று. ரொம்ப நேரம் ஆக்கிவிட்டேனோ? டிரைவர் ஹாரன் அடிக்கிறான், நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். உடம்பு என்பது அவனவன் அந்தரங்கம், அதற்கு ஒரு ஹாரனா? சரி, விடுங்கள். எங்கே விட்டேன்?

ஆமாம். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தின நாள் மயினி நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாக, நான் குழுவில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "தேவாசீரு, கட்டில்ல கெடக்கது ஒங்க பொஞ்சாதியா, இல்ல சபை மாசப் பத்திரிகையா?"ன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான். ஹெட்மிஸ்டிரஸாக இருந்தவள். நான் கீழே கேன்டீனுக்குப் போனேன். அங்கேயும் அதே வைஃபைதான். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், திடீரென்று நெட் அறுந்தது. மறுபடி போட்டால் "வேறு சாதனத்தில் பயன்பாட்டில் உள்ளது" என்கிறது. எவனோ எண்ணைத் திருடிவிட்டான் என்று நினைத்தேன். நேரே விசாரணை மேஜைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "திருட்டெல்லாம் இல்ல சார், உங்க பேஷண்ட்டேதான் லாகின் பண்ணியிருக்காங்க"ன்னாள்.

"அவ பேஷண்ட்டும்மா. பேஷண்ட்டுக்கு எதுக்கு நெட்?"ன்னேன். சரிதானே? அந்தப் பெண் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வியே புரிவதில்லை.

மேலே ஓடினேன். மயினி பையைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டாள். ஹெப்சி தன் கையைத் தானே திருப்பி, பட்டையைப் பார்த்து எண்ணை அடித்திருக்கிறாள். போட்டவுடன் அத்தனை நாளும் அடைபட்டுக் கிடந்தது எல்லாம் வந்து இறங்கியிருக்கிறது. செல்வின் பயல் எந்த எண்ணிலிருந்து போனதோ அந்த எண்ணுக்கே மாதிரியை அனுப்பியிருக்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

நான் உள்ளே நுழையும்போது அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ரோஜாப் பூ, மேலே இரண்டு புறா, நடுவில் நீலச் சேலை. மயினி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். ஹெப்சி அழவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கி, தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே கொண்டுவந்து வாசகத்தைப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு அத்தான்"ன்னாள்.

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "ஒரு முன்யோசனைக்குத்தான்"ன்னேன்.

"நாலு மணி எல்லாருக்கும் வசதிதான்"ன்னாள்.

அவ்வளவுதான் சார். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அவளுக்குக் கோபமே கிடையாது. எல்லாம் மயினி ஏற்றிவிட்டது. அன்றைக்கு முழுக்க வைஃபை அவளிடம்தான் இருந்தது, நானும் பெருந்தன்மையாகக் கேட்கவில்லை. பெஞ்சில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில் அந்தப் பட்டையைக் கத்தரித்து எடுக்க நர்ஸ் வந்தபோது, "அத நானே வச்சுக்கிடுதேன்"னு வாங்கி மணிபர்ஸில் வைத்துக்கொண்டாள். வாசலில் மயினியின் கார் நின்றது. ஏறினாள். நான் முன்கதவைத் திறந்தேன். மயினி பூட்டிவிட்டாள். "எடமில்ல"ன்னாள். பின் சீட்டு முழுக்கக் காலி!

அதற்குப் பிறகு போன் செய்தால் எடுக்க மாட்டாள். குழுவிலிருந்து மட்டும் வெளியேறவில்லை. ஒன்றும் போட மாட்டாள், நான் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் படித்துவிட்டதாக நீலக் குறி காட்டும். பிரியம் இருக்கப்போய்த்தானே பார்க்கிறாள்?

இப்போது ஏன் அவசரமாகப் போகிறேன் என்றால்... சார், இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் உண்டா? இல்லையே? எனக்குப் புதன்கிழமை ஒரு ஆப்பரேஷன். பெரிதாக ஒன்றும் இல்லை, இந்த வயதில் ஆண்களுக்கு வருவது. புரோஸ்டேட். சபையில் ஒருவருக்கும் தெரியாது. குழுவில் போடவில்லை. நம் உடம்பு விஷயம் நாலு பேருக்கு எதற்கு? அதுவும் கீழ்ப்பக்கத்து விஷயம். நாளைக்கு மைக் பிடித்து அறிக்கை வாசிக்கிறவனை ஜனங்கள் எந்த முகத்தோடு பார்ப்பார்கள்?

ஆனால் கூட ஒருவர் தங்கினால்தான் அட்மிஷன் போடுவேன் என்கிறார்கள். மகன் கனடாவில். லீவு இல்லையாம். பிறகு யார் இருக்கிறார்கள்? கட்டின மனைவிதானே? நேற்றுக் கூப்பிட்டேன். கர்த்தர் சித்தம், முதல் மணியிலேயே எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். எப்படிக் கேட்டாள் தெரியுமா சார்? ஒவ்வொன்றாக, அவ்வளவு அக்கறையாக. "எத்தன தடவ போகுது?"ன்னாள். சொன்னேன். "சொட்டுச் சொட்டாவா, தடைபட்டா?"ன்னாள். சொன்னேன். "இருமுனா நனையுதா?"ன்னாள். இத்தனை வருஷத்தில் என் உடம்பைப் பற்றி என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. நனையுது என்றேன். "அப்ப பஸ்ஸில எப்படி வருவிய? நாப்கின் எதுவும் கெட்டுதியளா?"ன்னாள். ஆமாம் என்று அதையும் சொன்னேன். உங்களிடமே சொல்லியிருக்க மாட்டேன், வாய் தவறி வந்துவிட்டது. கடைசியில், "அந்த ஆஸ்பத்திரி அறையில நெட்டு உண்டா?"ன்னாள். உண்டு, இந்தத் தடவை நீயே வைத்துக்கொள் என்று சொன்னேன்.

"அப்ப சரி"ன்னாள்.

கேட்டீர்களா? அப்ப சரி! வர மனமில்லாதவள் அப்படிச் சொல்வாளா? அதுதான் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். அவளுக்குப் பிடிக்கும் என்று நெய் மிட்டாய் வாங்கியிருக்கிறேன், அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

மின்சாரக் காற்றாடி தெரிய ஆரம்பித்துவிட்டது பாருங்கள். ஆரல்வாய்மொழி. இனிமேல் கொஞ்ச தூரம்தான்.

ஒரு நிமிடம். போன் அடிக்கிறது. குழுவில் ஏதோ. ஹெப்சி! பார்த்தீர்களா, ஹெப்சி குழுவில் எழுதியிருக்கிறாள். நான் சொன்னேனா இல்லையா? சமாதானம் ஆகிவிட்டாள். நான் வந்துகொண்டிருப்பதை எல்லாருக்கும் சொல்கிறாள். கண்ணாடி எங்கே... இருங்கள், சத்தமாகவே படிக்கிறேன்.

"அன்பான ஜெபப் பங்காளர்களே, என் கணவர் செக்ரட்டரி தேவாசீர் அவர்களுக்காக ஜெபிக்கவும். அவருக்குப் புரோஸ்டேட் வீங்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது. இருமினால்..."

இருமினால்...

இல்லை சார். ஒன்றும் இல்லை. வேறு யாருக்கோ.

"...நாப்கின் கட்டிக்கொண்டு இப்போது பேருந்தில் வந்துகொண்டிருக்கிறார். கசியாதபடிக்கு ஊக்கமாக ஜெபிக்கவும். புதன்கிழமை ஆப்பரேஷன். கூடத் தங்க ஆள் இல்லை. எனக்கு வசதிப்படாது. மனதுள்ள சகோதரர் யாராவது முன்வரவும். குறிப்பாகச் சொன்னால்தான் குறிப்பாக ஜெபிக்க முடியும் என்பதால் இவ்வளவும் எழுதினேன். அறையில் வைஃபை உண்டு."

படமும் போட்டிருக்கிறாள். என் படம். ஆஸ்பத்திரி பெஞ்சில், பனியனோடு, வாயைத் திறந்து தூங்குகிறேன். எப்போது எடுத்தாள் இதை? வேட்டியெல்லாம்... கடவுளே.

ஆமென் வருகிறது சார். வந்துகொண்டே இருக்கிறது. சிங்கப்பூர். துபாய். கனியம்மாள் கை கூப்பியிருக்கிறாள், அவளுக்கு யார் இதில் எழுதக் கற்றுக்கொடுத்தது? டெனர் பாடுகிற பையன் ஆமென் போட்டிருக்கிறான். ஐயரும் போட்டுவிட்டார். நான் போட்டதற்குக்கூட இத்தனை வேகமாக வந்ததில்லை.

அழிக்க வேண்டும். நான் அட்மின், நான் நினைத்தால் அழிக்கலாம். இதோ, இதை அழுத்திப் பிடித்து... சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன இது? இன்றைக்கான டேட்டா தீர்ந்துவிட்டதாம். இப்போதுதானா தீர வேண்டும்? ஒரு மனுஷனுடைய உடம்பை இப்படிச் சந்தியில் வைக்கலாமா சார், நீங்களே சொல்லுங்கள். கட்டின புருஷன்! இதைவிடக் கொடுமை உண்டா?

சார், உங்கள் போனில் நெட் இருக்கிறதே. காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள். அதை இந்தப் பக்கம் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட் என்பார்களே, அதுதான். ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க சார். அஞ்சே நிமிஷம்.

சார்?

ஏன் சார் போனைப் பைக்குள் வைக்கிறீர்கள்?